கத்துகிற டிடெக்டர், கம்மென்று கிடக்கிற டிடெக்டர்: மதுரைப் பக்கத்து மண்ணில் கோளாறு பார்க்கும் முறை

மெட்டல் டிடெக்டர் தாறுமாறாகக் கத்தினால் உடனே மெனுவுக்குள் போகாதீர்கள். எந்தப் பட்டனையும் தொடும் முன் மூன்று நிலையில் நின்று காது கொடுங்கள். கோளாறு காற்றில் இருக்கிறதா, மிஷினில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

முதல் நிலை: காயிலை (கம்பின் நுனியில் இருக்கும் தட்டை) இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, துளியும் ஆட்டாமல் பிடியுங்கள். சத்தம் நிற்காவிட்டால் அது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல். இரண்டாம் நிலை: அதே உயரத்தில் காற்றில் இடவலமாக வீசுங்கள். அசையாதபோது அமைதி, வீசும்போது கத்தல் என்றால் காயில், கேபிள், ராடு எனும் கம்பு, அல்லது உங்கள் உடம்பிலேயே இருக்கும் இரும்பு. மூன்றாம் நிலை: தரைக்கு மேல் 3 செ.மீ. உயரத்தில் வீசுங்கள். இங்கே மட்டும் கத்தினால் மண்தான் காரணம்.

மிஷின் வேறொருவர் கையில் இருந்து வந்ததென்றால் இந்தச் சோதனைக்கு முன் ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். முந்தையவர் எதை எங்கே திருகி வைத்தாரோ தெரியாது.

அசையாமல் பிடித்தாலும் கத்துகிறது

சத்தத்தின் தாளத்தைக் கவனியுங்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணி வைத்தாற்போல ‘டிக்... டிக்...’ என்று வந்தால் பக்கத்தில் எங்கோ சோலார் வேலி ஓடுகிறது. காட்டுப்பன்றிக்காகப் போடும் அந்த வேலியின் எனர்ஜைசர் ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். இதற்கு மெனுவில் மருந்து கிடையாது. தோட்டக்காரரிடம் கேட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம், இல்லாவிட்டால் தள்ளிப் போய்த் தேடலாம்.

இடைவிடாத இரைச்சல், அல்லது அலை அலையாக ஏறி இறங்கும் இரைச்சல் என்றால் உயர் அழுத்த மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவற்றைத் தேடுங்கள். பம்ப்செட் ஓடும்போது கத்தி, மோட்டார் நின்றதும் அடங்கினால் விடை கையில் வந்துவிட்டது. திசை தெரியாவிட்டால் காயிலைச் செங்குத்தாக நிறுத்தி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். காயில் ஓர் ஆன்டெனாதான். எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அதுவே சொல்லும்.

சரி செய்யும் வரிசை முக்கியம். முதலில் சட்டைப் பையில் இருக்கும் செல்போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஸ்மார்ட் வாட்சைக் கழற்றுங்கள். அடுத்து நாய்ஸ் கேன்சல், அதாவது இரைச்சல் குறைந்த சேனலுக்கு மாற்றும் வசதி. இதைச் செய்யும்போது காயில் அசையக்கூடாது, தரையையும் ஒட்டியிருக்கக்கூடாது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 போன்றவை -9 முதல் 9 வரை சேனல்களைத் தாமே வருடிப் பார்த்து அமைதியானதைப் பிடிக்கும். அதிலும் அடங்காவிட்டால் ஃப்ரீக்வென்சியை மாற்றுங்கள். பல அலைவரிசையில் ஓடும் மிஷினை ஒற்றை அலைவரிசைக்கு மாற்றினாலே மின்கம்பிக்கு அடியில் பல நேரம் வாய் மூடிக்கொள்ளும். கடைசியாகத்தான் சென்சிட்டிவிட்டி: இரண்டிரண்டு படியாக, அசையாமல் பிடித்தால் அமைதியாகும் வரை இறக்குங்கள்.

இறக்குவதற்குத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. சென்சிட்டிவிட்டியை ரேடியோவின் வால்யூம் போல நினைப்பதால் வரும் வினை இது. அது மிஷினின் காதைக் கூர்மையாக்குகிறது. கூர்மையான காது சந்தை இரைச்சலையும் சேர்த்தேதான் கேட்கும். எட்டு அங்குல ஆழத்தில் இருக்கும் நாணயத்தின் மெல்லிய முனகல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும்.

ஒரே மாடல் மிஷினோடு இரண்டு பேர் தேடினால் ஒன்றை ஒன்று குழப்பும். இருவரும் வேறு வேறு சேனல் வைத்து, 15 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

காற்றில் வீசினால்தான் கத்துகிறது

முதலில் உங்களைப் பாருங்கள். இரும்புத் தகடு வைத்த ஷூ, கால் கொலுசு, இடுப்பில் செருகிய களைக்கொத்தி எல்லாமே காயிலுக்குக் கேட்கும். அடுத்து கேபிள். அது ராடைச் சுற்றி இறுக்கமாக ஏறியிருக்க வேண்டும். காயிலுக்கு அருகே மட்டும், காயிலை மடக்கி நிமிர்த்தும் அளவுக்குத் தளர்வு இருந்தால் போதும். தொங்கும் கேபிள் வீசும்போது காயிலின் மேல் ஆடி, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு பொய்ச் சத்தம் தரும்.

காயிலை ராடோடு இணைக்கும் பிளாஸ்டிக் போல்ட் உடைந்து, அவசரத்துக்கு டூவீலர் கடையில் ஓர் இரும்பு போல்ட் வாங்கி மாட்டியிருந்தால் கோளாறு அதுதான். நைலான் போல்ட் கிடைக்கும் வரை தடித்த நைலான் கயிற்றால் கட்டி ஓட்டலாம்.

காயில் கவரைக் கழற்றிக் கழுவுங்கள். கவருக்குள் சிக்கிய மணலில் காந்தத் துகள் இருந்தால், காயில் தன் வயிற்றுக்குள்ளேயே கனிம மண்ணைச் சுமந்துகொண்டு திரிகிறது என்று அர்த்தம். ஆற்று மணலில் தேடியபின் இது அடிக்கடி நடக்கும். கடைசியாக, காயிலைக் கையால் லேசாகத் தட்டுங்கள், கேபிளைக் கனெக்டர் அருகே பிடித்து ஆட்டுங்கள். தட்டினால் கத்தினால் காயிலுக்குள் சுற்று தளர்ந்திருக்கிறது. கனெக்டரை ஆட்டினால் கத்தினால் அதன் ஊசிகள் தளர்ந்திருக்கின்றன அல்லது துருப்பிடித்திருக்கின்றன. முன்னதற்குக் காயில் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எப்பாக்ஸி ஊற்றி மூடிய காயிலைப் பிளந்து ரிப்பேர் பார்ப்பது வீண் வேலை.

தரையருகே கொண்டுபோனால் கத்துகிறது

நம் பக்கத்தில் பெரும்பாலான தொல்லை இங்கேதான். மதுரையைச் சுற்றி ஒரு மணி நேர பைக் பயணத்தில் மண் மூன்று விதமாக மாறிவிடும்: மேலூர்ப் பக்கம் செவல், திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல், வைகைக் கால்வாய் பாயும் சோழவந்தான் பக்கம் வண்டல். ஒரு மண்ணுக்குச் சரிப்படுத்திய மிஷின் அடுத்த மண்ணில் போய்ப் புலம்புவதில் வியப்பில்லை.

மண்ணின் குணத்தை மிஷினைக் கேட்கும் முன் காந்தத்தைக் கேளுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, உலர்ந்த மண்ணில் புரட்டி எடுங்கள். பையின் மேல் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் மிதமான மண். அங்கங்கே முடிபோல் ஒட்டினால் நடுத்தரம். கம்பளிப்பூச்சி போல மொத்தமாக மொய்த்தால் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது நிறைந்த மண். சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆற்றுப் படுகையில் கோடு கோடாகத் தெரியும் கருமணலும் இந்த வகைதான்.

இனி கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தைக் கண்டுகொள்ளாதபடி மிஷினைப் பழக்குவது. வேண்டாத உலோகத்துக்குக் கத்தாமல் தடுக்கும் டிஸ்கிரிமினேஷனை அணைத்து, அதாவது எல்லா உலோகத்துக்கும் கத்தும்படி வைத்து, எதற்கும் கத்தாத ஒரு சதுர மீட்டர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இதை விட்டுவிட்டு ஆணி கிடக்கும் இடத்தில் பேலன்ஸ் செய்தால் மண்ணுக்குப் பதிலாக ஆணியைப் பழக்கியதாகிவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி காயிலை 15 செ.மீ. உயரத்திலிருந்து 3 செ.மீ. வரை இறக்கி ஏற்றுங்கள். இறங்க ஒரு நொடி, ஏற ஒரு நொடி. காயில் தரைக்கு இணையாகவே இருக்க வேண்டும், தரையில் இடிக்கக்கூடாது. இறங்கும்போதும் ஏறும்போதும் சத்தம் ஒன்றுபோல ஆனதும் விடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி மறுபடி செய்யுங்கள். திரையில் வரும் இரண்டு பேலன்ஸ் எண்ணுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்றுக்குள் இருந்தால் நம்பலாம். பத்து இருபது வித்தியாசம் வந்தால் ஓரிடத்தில் அடியில் இரும்பு இருக்கிறது.

கையால் திருகும் வகையில் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பக்கம் ஐந்து எண் நகர்த்திப் பாருங்கள். சத்தம் கூடினால் மறுபக்கம் போங்கள்.

எண் என்ன சொல்கிறது? பெரும்பாலான மிஷின்களில் அளவுகோலின் மேல்பக்கம் இரும்புத்தாது மண், கீழ்ப்பக்கம் உப்பும் ஈரமும். அதே கரிசல் மழைக்குப் பின் எண்ணில் கீழே இறங்கும். ஆகவே செவலில் இருந்து கரிசலுக்குப் போனாலும், உழுத வயலில் இருந்து வரப்புக்கு ஏறினாலும், ஒரு மழை பெய்து ஓய்ந்தாலும் மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும்.

மண் மாற மாறத் தானே பேலன்ஸ் செய்துகொள்ளும் டிராக்கிங் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றால், பாதி சரி. அடிக்கு அடி மாறும் மண்ணில் டிராக்கிங் உதவும். ஆனால் மெல்லிய சிக்னல் ஒன்றின் மேல் ஐந்தாறு தடவை வீசிக்கொண்டே நின்றால், டிராக்கிங் அதையும் மண் என்று நினைத்து விழுங்கிவிடும். சிக்னல் கிடைத்ததும் டிராக்கிங்கைப் பூட்டிவிட்டுச் சோதியுங்கள்.

கோடையில் கரிசலில் தனியாக ஒரு தொல்லை உண்டு: வெடிப்பு. மண்ணுக்குப் பழகிய காயில் வெற்றிடத்தின் மேல் போகும்போது மண் திடீரென்று குறைகிறது. அதை மிஷின் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொண்டு கத்தும். வெடிப்பின் நீளத்துக்கே சத்தம் ஓடினால் அது பொய். உழுத வயலிலும் இதே கதைதான். சாலுக்குக் குறுக்கே வீசாமல், சால் ஓடும் திசையிலேயே வீசினால் பாதிக் கத்தல் குறையும்.

செங்கல் சூளை இருந்த இடம், ஓட்டுவீடு இடிந்த மனை, விளாச்சேரி மாதிரி மண்பொம்மை சுட்ட தரை இங்கெல்லாம் மிஷின் ஓயாமல் முணுமுணுக்கும். சாதாரண மண்ணில் காந்தம் குறைவாக இருந்தாலும், சுடும்போது அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மாறிக் காந்தத் தன்மை கூடிவிடும். ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்துக் காயிலின் முன் ஆட்டிப் பாருங்கள், தெரியும். சில ஜல்லிக்கற்களும் இப்படிக் கத்தும். கல்லின் சத்தத்துக்கு ஓர் அடையாளம்: காயிலைச் சற்றே தூக்கினால் சட்டென்று செத்துவிடும். நல்ல நாணயத்தின் சத்தம் மெல்ல மெல்லத் தேயும்.

காற்றில் 25 செ.மீ., மண்ணில் 10 செ.மீ.

இது கோளாறில்லை, பெரும்பாலும் எதிர்பார்ப்பின் பிழை. காற்றில் கையால் நாணயத்தை ஆட்டிப் பார்க்கும் தூரம் மண்ணில் கிடைக்காது. 11 அங்குலக் காயிலுக்கு மிதமான மண்ணில் ஐந்து ரூபாய் அளவு நாணயம் 20 செ.மீ. ஆழத்தில் கேட்டால் நல்ல செயல்பாடு. செவலில் 12 கிடைத்தாலே சரி.

அதற்கும் குறைவாகக் கிடைத்தால் வீசும் உயரத்தைப் பாருங்கள். காயில் ஐந்து செ.மீ. உயரத்தில் பறந்தால், ஐந்து செ.மீ. ஆழத்தை நீங்களே தாரை வார்க்கிறீர்கள். இடமும் வலமும் போகும்போது ஓரங்களில் காயில் மேலே எழும்புவதும் அப்படித்தான். பெண்டுலம் போல ஆட்டாமல் தரையைத் துடைப்பதுபோல வீச வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு நொடி. ஒவ்வொரு வீச்சும் பாதிக் காயில் அகலத்துக்கு முந்தைய வீச்சின் மேல் விழ வேண்டும்.

உங்கள் மிஷினுக்கு உண்மையான ஆழம் தெரிய வீட்டுக் கொல்லையில் ஒரு சோதனைக் குழாய் பதியுங்கள். ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய், 60 செ.மீ. நீளம். தரையில் 45 பாகைச் சாய்வில் புதைத்து, மேல்வாய் மட்டும் தெரியும்படி விடுங்கள். ஒரு மரச்சட்டத்தின் நுனியை அதே சாய்வில் சீவி, நாணயம் குழாய்க்குள் தரைக்கு இணையாகப் படுக்கும்படி ஒட்டுங்கள். சட்டத்தை 20 செ.மீ. உள்ளே தள்ளினால் ஆழம் 14 செ.மீ.; 30 தள்ளினால் 21. மண்ணைக் கிளறாமல் ஆழத்தை மாற்றிப் பார்க்கலாம். புதிதாகத் தோண்டி மூடிய குழியில் சோதிப்பவர்களுக்குக் கிளறிய மண்ணே கணக்கைக் குழப்பும்.

ஒரு பக்கம் வீசினால் கேட்கிறது, திரும்பி வந்தால் இல்லை

நின்ற இடத்திலிருந்து 90 பாகை சுற்றிப் போய் மறுபடி வீசுங்கள். அங்கிருந்தும் இரு பக்கமும் கேட்டால் தோண்டலாம். இடம் மாறினால் திரையில் தெரியும் எண்ணும் ஒலியும் தாவினால் ஆணிதான். இந்த விதிக்கு ஒரு விலக்கு: இரும்புக் குப்பை நிறைந்த பழைய களத்துமேட்டில் நல்ல உலோகம் ஆணியின் நிழலில் கிடந்து ஒருபக்கமாகத்தான் முனகும். மாட்டு லாட ஆணி, கலப்பைக் கொழுவின் உடைசல், டிராக்டர் கல்டிவேட்டர் போல்ட் எல்லாம் குவிந்து கிடக்கும் அங்கே 11 அங்குலக் காயில் எடுபடாது. ஆறு அங்குலக் காயிலை மாட்டுங்கள், மிஷினில் ரெகவரி ஸ்பீடு (ஒரு சிக்னலில் இருந்து அடுத்ததற்குத் தயாராகும் வேகம்) இருந்தால் கூட்டுங்கள், நத்தை வேகத்தில் வீசுங்கள்.

நாணயம் என்கிறது, தோண்டினால் சோடா மூடி

திரையில் தெரியும் எண் உலோகத்தின் பெயர் அல்ல. அந்தப் பொருளில் மின்சாரம் எவ்வளவு எளிதாகச் சுழன்றது என்பதுதான். சோடா மூடி இரும்புத் தகடு. தட்டையாகவும் வட்டமாகவும் இருப்பதால் சுழல்மின்னோட்டம் நன்றாக ஓடி நாணயம் போல நடிக்கும். வேஷத்தைக் கலைக்க, காயிலின் நடுப்பகுதியை விட்டு விளிம்பை மட்டும் அதன் மேல் முன்பின்னாக மெதுவாக இழுங்கள். மூடி என்றால் விளிம்பில் இரும்பின் கரகர ஒலி எட்டிப்பார்க்கும். ஃப்ரீக்வென்சி மாற்ற முடிகிற மிஷினில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மாறிக் கேட்டாலும் இரும்பு தன் குரலைக் காட்டிவிடும்.

குவார்ட்டர் பாட்டிலின் அலுமினிய மூடி அப்படி மாட்டாது. அது நிஜமாகவே நல்ல கடத்தி. தோண்டித்தான் ஆக வேண்டும். கண்மாய்க்கரை, தோப்பு என்று ஆட்கள் உட்கார்ந்து குடித்த இடங்களில் பத்துச் சிக்னலுக்கு எத்தனை மூடி என்று எண்ணுவதே மனசுக்குக் கஷ்டம்.

பல மிஷின்களில் எண்ணுக்கு மேல் பென்னி, டைம், குவார்ட்டர் என்று அமெரிக்கக் காசின் பெயர் அச்சிட்டிருக்கும். அதை மறந்துவிட்டு நம் காசுக்கு ஓர் அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள். இவற்றைச் சேகரியுங்கள்: 1992-க்குப் பின் வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய், பழைய கனத்த 9 கிராம் செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய், பின்னால் வந்த 6 கிராம் நிக்கல் பித்தளை ஐந்து ரூபாய், ஆறுமூலை அலுமினிய இருபது பைசா, ஒரு வெள்ளி மெட்டி, கால் பவுன் மோதிரம், மாத்திரை அட்டை, சோடா மூடி, இரண்டு அங்குல ஆணி. ஒவ்வொன்றையும் 10 செ.மீ. தூரத்தில் பத்துத் தடவை வீசி எண்ணைக் குறியுங்கள். எண் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் குறியுங்கள், அதுவும் தகவல்தான்.

இரண்டு விஷயம் உடனே தெரியவரும். ஸ்டீல் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் ரகம். பல மிஷின்களில் இரும்பு ஒலிக்கும் உயர் ஒலிக்கும் இடையே தாவும். இரும்பை விலக்கி வைத்தால் இந்தக் காசும் போச்சு. செம்பு-நிக்கல் ஐந்து ரூபாயோ நடு எண்ணில், தங்க மோதிரத்தின் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும். குப்பை வேண்டாம் என்று நடு எண்களை அடைத்தவர் தங்கத்துக்கும் கதவைச் சாத்திவிட்டார்.

மோதிரம் விழுந்த இடம் தெரியும், மிஷின் வாயைத் திறக்கவில்லை

களையெடுக்கும்போது வயலில் நகை விழுந்து, தேடித் தரச் சொல்லிக் கூப்பிடும் வேலைகளில் இது வரும். காரணம் பெரும்பாலும் நகையின் வடிவம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் செம்புக் கம்பியில் ஒரு சாண் வெட்டி, மேல் உறையை உரித்து, மோதிர அளவில் வளைத்து முனைகளை இறுக்கி முறுக்குங்கள். காயிலின் முன் ஆட்டினால் கணீரென்று கேட்கும். இப்போது முறுக்கைப் பிரித்து, முனைகளுக்கு நடுவே ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். அதே செம்பு, அதே எடை. சத்தம் படுத்துவிடும், எண்ணும் சரிந்துவிடும். வளையத்தைச் சுற்றி ஓடிய மின்னோட்டத்துக்கு வழி அடைபட்டதுதான் காரணம்.

மெட்டி அநேகமாக அடியில் திறந்த வளையம். அது நல்ல வெள்ளியாக இருந்தாலும் மூடிய வெள்ளி மோதிரத்தின் எண்ணைக் காட்டாது. சங்கிலி இதைவிட மோசம். மூன்று பவுன் செயின் என்றாலும் மிஷினுக்குத் தெரிவது தனித்தனிப் பொடி வளையங்கள்தான்; கொக்கியும் டாலரும்தான் சத்தம் கொடுக்கும். கொலுசுக்கும் இதே நிலை. மூக்குத்திக்கு 12 கிலோஹெர்ட்ஸ் மிஷினில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

ஆகவே நகை தேடும்போது டிஸ்கிரிமினேஷன் பூஜ்யம், ஃப்ரீக்வென்சி மிஷினில் இருப்பதிலேயே உயர்ந்தது, அல்லது 20 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும், காயில் சிறியது, வீச்சு மெதுவாக, தரையை ஒட்டி. முதலில் நூல் கட்டி இடத்தை ஒரு மீட்டர் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒரு திசையில் முடித்ததும் குறுக்குத் திசையில் மறுபடி. தொலைத்தவரிடம் கேட்க வேண்டியது “எங்கே விழுந்தது” என்பதல்ல. “கடைசியாகக் கையில் பார்த்தது எங்கே, இல்லை என்று தெரிந்தது எங்கே” என்பது. இரண்டுக்கும் நடுவில் நடந்த பாதைதான் தேடும் இடம். முடிந்தால் அதே மாதிரி வேறொரு நகையை வாங்கி, ஓர் ஓரத்தில் போட்டு மிஷினுக்கு முதலில் கேட்க வையுங்கள்.

தோண்டிய குழியில் ஒன்றுமில்லை

பாதி நேரம் பொருள் குழியில் இல்லை, அள்ளிப்போட்ட மண்ணில் இருக்கிறது. குழியையும் குவியலையும் தனித்தனியே வீசுங்கள். களைக்கொத்தியை ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டுத்தான். குழியைத் தோண்டியதும் ஆணி உதிர்ந்து துரு கலைந்து சிக்னல் காணாமல் போவதும் உண்டு.

புளூடூத் ஹெட்போன் போட்டவர்களுக்கு வேறொரு காரணம். சாதாரண புளூடூத்தில் ஒலி 0.2 நொடி வரை பின்தங்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால் காயில் 20 செ.மீ. தாண்டியபின்தான் காதுக்குச் சத்தம் வரும். இடதிலிருந்து வீசும்போது ஓரிடம், வலதிலிருந்து வீசும்போது வேறிடம் என்று காட்டினால் இதுதான். வயர் போடுங்கள், அல்லது தாமதம் குறைந்த அந்தந்தக் கம்பெனி ஹெட்போன்.

வெயிலில் எண் நகர்கிறது, பாதியில் அணைகிறது

ஏசி காரில் இருந்து எடுத்தவுடன் பேலன்ஸ் செய்யாதீர்கள். காயில் வெளிச்சூட்டுக்கு வரப் பத்து நிமிடம் நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் விட்டால் லித்தியம் பேட்டரி வீங்கும். ஏஏ செல் போடும் மிஷினில் ரீசார்ஜ் செல் போட்டால், செல்லுக்கு 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட்தான் என்பதால் முழுச் சார்ஜிலும் பேட்டரிக் கட்டை ஒன்று குறைவாகவே காட்டும், பயப்பட வேண்டாம். குழிக்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கைக்கருவியான பின்பாயின்டர் தானாகக் கத்தினால் அதிலுள்ள 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள்.

ராமநாதபுரம் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஈரமணலில் கத்தினால், உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதுதான் காரணம். பீச் மோட், சென்சிட்டிவிட்டி இறக்கம், அலைக்கோட்டுக்கு இணையான வீச்சு. ஒற்றை அலைவரிசை மிஷினோடு உலர்ந்த மணலில் மட்டும் தேடுங்கள்.

தோண்டக்கூடாத சிக்னல்கள்

மோட்டார் ரூமிலிருந்து கிணற்றையோ போரையோ நோக்கி நேர்கோட்டில் ஓடும் பலமான சிக்னல்: புதைத்த கேபிள். கொத்தியை வைக்காதீர்கள்.

மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஓரங்களில் பீடி கனத்தில், சுண்டுவிரல் நீள அலுமினியக் குழாய், அதிலிருந்து இரண்டு வயர்: டெட்டனேட்டர். தொடாமல், செல்போனில் பேசாமல், விலகிப் போய் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கறுப்புச் சிவப்புப் பானை ஓடு, இரும்புக் கிட்டம், பெரிய அளவுப் பழஞ்செங்கல் எல்லாம் கலந்து வரும் இடம். கீழடியில் 2014-15-ல் அகழாய்வு தொடங்கிய பள்ளிச்சந்தைத் திடல் அதற்கு முன் வெறும் தென்னந்தோப்பு. ஓட்டின் மேல் கிடக்கும் காசைப் பிடுங்கிவிட்டால், அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விடும். பிறகு அது வெறும் உலோகத் துண்டு. யானைமலை, மாங்குளம், கீழவளவு, கொங்கர் புளியங்குளம் மாதிரி குகைக் கல்வெட்டு மலைகளின் அடிவாரத்துக்கு மிஷினையே கொண்டுபோகாதீர்கள். 1958-ம் ஆண்டுத் தொல்லியல் நினைவுச்சின்னச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்தில் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். சொந்தப் பட்டா நிலத்திலும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்கிறது: என்ன கிடைத்தது, மதிப்பு சுமார் எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில். நூறு ஆண்டைத் தாண்டிய பொருள் என்றால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். குழியை அப்படியே விட்டு, படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் தரையில் கத்தல் நிற்கவில்லை

அப்படியென்றால் மிஷின் இந்த மண்ணுக்கு இல்லை. காரெட் ஏஸ் 300ஐ, 400ஐ போன்றவற்றில் கிரவுண்ட் பேலன்ஸ் கம்பெனியிலேயே வைத்துப் பூட்டியது. நாம் மாற்ற முடியாது. வண்டலில் நன்றாக ஓடும், செவலில் சென்சிட்டிவிட்டியை இறக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். நம் பக்கத்துக்கு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது காயிலை ஏற்றி இறக்கிப் (பம்ப் செய்து) பேலன்ஸ் வைக்க முடியுமா என்பது. நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் அந்த வசதியோடு, 12 கிலோஹெர்ட்ஸில், 3 மீட்டர் தண்ணீர் வரை தாங்கும். காசு இருந்தால் பல அலைவரிசை மிஷின். காயில் டபுள் டி வடிவம் (உள்ளே இரண்டு D முதுகோடு முதுகாக) என்றால் கனிம மண்ணில் கான்சென்ட்ரிக்கைவிட (வட்டத்துக்குள் வட்டம்) அடக்கமாக இருக்கும். துடிப்புத் துடிப்பாக அலை அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் மிஷின் மண்ணைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது, ஆனால் அதில் பலதும் ஆணியையும் தங்கத்தையும் ஒரே குரலில் சொல்லும். லாட ஆணி கிடக்கும் ஊரில் முதல் மிஷினாக அது வேண்டாம்.

தங்கத்தை மட்டும் காட்டும், பத்து மீட்டர் ஆழம் பார்க்கும், ஆன்டெனா தானாகத் திரும்பும் என்று விற்பவற்றைக் கையில்கூட வாங்காதீர்கள். தங்கத்தை மாத்திரை அட்டையிலிருந்து பிரித்துச் சொல்லும் டிடெக்டர் இல்லை. வீட்டில் குடம் புதைந்திருக்கிறது, பூஜை போட்டு எடுக்கலாம் என்று வரும் ஆசாமிகள் கையிலும் இந்த மாதிரிப் பெட்டிதான் இருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் நிலத்து மண் இரண்டு கிலோவை மஞ்சப்பையில் கட்டி எடுத்துப் போங்கள், இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள், காயிலை அதன் மேல் ஏற்றி இறக்குங்கள். பேலன்ஸ் செய்தபின்னும் ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது ஒரு சத்தம் வந்தால் அடுத்த மாடலை எடுக்கச் சொல்லுங்கள்.